பென்ஷனோடு வெளிநாடு: இலங்கையா, தாய்லாந்தா, மலேசியாவா?

மதுரையில் ரிட்டயர் ஆன வாத்தியார்கள், பேங்க்காரர்கள், ரயில்வேக்காரர்கள் நாலு பேர் கூடினால் இப்போது இந்தப் பேச்சு வந்துவிடுகிறது: "வீட்டை வாடகைக்கு விட்டுட்டு தாய்லாந்துல போய் இருந்தா என்ன?" யூடியூபில் சியாங் மாய் வாடகையைப் பார்த்தால் ஆசை வரத்தான் செய்யும். ஆசையில் தப்பே இல்லை. ஆனால் அந்த வீடியோக்களில் வருகிறவர்கள் பெரும்பாலும் டாலரிலோ பவுண்டிலோ பென்ஷன் வாங்குகிறவர்கள். நமக்கு வருவது ரூபாய். அங்கே சாப்பாடு மலிவா, வாடகை மலிவா என்பதெல்லாம் அப்புறம். முதலில் அந்த நாடு நம்மை உள்ளே விடுமா என்று பார்க்க வேண்டும்.

கணக்குக்கு ஒரு தம்பதியை வைத்துக்கொள்வோம். கணவருக்கு மாதம் 75,000 ரூபாய் பென்ஷன், கே.கே.நகரில் சொந்த வீடு, பேங்கில் 30 லட்சம். மனைவி வேலைக்குப் போனவர் இல்லை.

மலேசியாவைச் சீக்கிரமே தள்ளிவிடலாம். தமிழ், கோயில், இட்லி எல்லாம் உண்டு. திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேர் விமானமும் உண்டு. ஆனால் 'மலேசியா மை செகண்ட் ஹோம்' திட்டத்தை 2024-இல் மாற்றியபோது, அதன் வழக்கமான மூன்று படிகளில் கடைசியான சில்வருக்கே 1,50,000 டாலர் வைப்புத்தொகை என்று வைத்தார்கள். அதோடு குறைந்தது 6 லட்சம் ரிங்கிட்டுக்கு வீடும் வாங்க வேண்டும். வைப்புத்தொகை மட்டுமே ஒரு கோடி ரூபாயைத் தாண்டுகிறது. நம் தம்பதிக்கு இது ஆகாது.

இலங்கைதான் மனசுக்கு நெருக்கம். மதுரையில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் கொழும்பு. வெள்ளவத்தையில் கடைத்தெருவே தமிழில் நடக்கிறது. டாக்டரிடம் எங்கே வலிக்கிறது என்று தாய்மொழியில் சொல்ல முடிவது அறுபத்தைந்து வயதுக்கு மேல் எவ்வளவு பெரிய விஷயம் என்பது ஆஸ்பத்திரிக்கு அலைந்தவர்களுக்குத் தெரியும். 55 வயது தாண்டிய வெளிநாட்டவருக்கு 'மை ட்ரீம் ஹோம்' என்றொரு விசா வைத்திருக்கிறார்கள். வைப்புத்தொகை 15,000 டாலர்தான். சிக்கல் மாதக் கணக்கில் இருக்கிறது: மாதாமாதம் வெளியிலிருந்து 1,500 டாலர் கொண்டுவர வேண்டும், உடன் வரும் மனைவிக்கு இன்னொரு 750. இரண்டும் சேர்ந்தால் ஏறக்குறைய இரண்டு லட்சம் ரூபாய். 75,000 பென்ஷன் அதில் பாதிகூட இல்லை. கணவன் மனைவி இருவருமே நல்ல பென்ஷன் வாங்கி, வாடகை வருமானமும் இருந்தால் இலங்கையை யோசிக்கலாம். 2022-இல் பெட்ரோலுக்கும் மருந்துக்கும் அந்த மக்கள் பட்ட பாட்டையும் மறந்துவிடக் கூடாது. நிலம் வாங்கும் எண்ணம் வேண்டாம், வெளிநாட்டவர் பெயருக்குப் பொதுவாக எழுத மாட்டார்கள்.

மிச்சம் இருப்பது தாய்லாந்து. கையிருப்பைக் காட்டியே உள்ளே போகலாம் என்பதால் நம் தம்பதிக்கு எட்டக்கூடியது இது ஒன்றுதான். 50 வயது தாண்டியிருக்க வேண்டும். மாதம் 65,000 பாட் வருமானம், அல்லது பேங்கில் 8 லட்சம் பாட், இரண்டில் ஒன்று போதும். 8 லட்சம் பாட் என்பது நம் பணத்தில் இருபது லட்சத்துக்கு மேல். அந்தப் பணத்தை நினைத்தபடி எடுக்கவும் முடியாது. வருடா வருடம் வாங்கும் தங்கல் நீட்டிப்பு கிடைத்து மூன்று மாதம் வரை அப்படியே கிடக்க வேண்டும், அதன் பிறகும் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. 90 நாளுக்கு ஒருமுறை குடியேற்ற அலுவலகத்துக்கு இருப்பிடம் தெரிவிக்க வேண்டும். சித்திரைத் திருவிழாவுக்கு ஊருக்கு வர நினைத்து மறுநுழைவு அனுமதி எடுக்காமல் விமானம் ஏறினால், வாங்கிய நீட்டிப்பு அத்தோடு போச்சு. கிளம்பும் முன்பே தூதரகம் மூலம் வாங்கும் 'ஓ-ஏ' வகை ஓய்வு விசா என்றால் மருத்துவக் காப்பீடு கட்டாயம். எழுபதை நெருங்கும் சர்க்கரைக்காரருக்கு அந்தக் காப்பீடு கிடைப்பதே கஷ்டம், கிடைத்தாலும் பிரீமியம் கடிக்கும்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வெறும் காய்கறி போட்ட ஃப்ரைடு ரைஸ் என்று கேட்டாலும் மீன் சாஸ் விழுந்திருக்கும். 'ஜே' என்று எழுதிய மஞ்சள் கொடி தொங்கும் கடையைத் தேடிப் போக வேண்டும். அங்கே பூண்டு வெங்காயமும் இருக்காது.

பணம் அனுப்புவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் அனுப்பும் தொகைக்கு பேங்க் 20 சதவீதம் டி.சி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடிக்கும். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால் திரும்ப வரும், ஆனால் அதுவரை பணம் முடங்கிக் கிடக்கும். மார்ச்சில் பாதி, ஏப்ரலில் பாதி அனுப்பினால் பிடித்தம் வெகுவாகக் குறையும்.

இந்த ஒப்பீட்டையெல்லாம் ஒரு நண்பர் வீட்டில் விளக்கிக்கொண்டிருந்தபோது, அதுவரை பேசாமல் இருந்த அவர் மனைவி கேட்டார்: "எல்லாம் சரிண்ணே, இவருக்கு ஒண்ணு ஆயிட்டா அங்க நான் யார்ட்டப் போய் நிக்கிறது?" மூன்று நாடுகளையும் இந்தக் கேள்வியை வைத்துத்தான் எடை போட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கணவர் இறந்தால் குடும்ப ஓய்வூதியம் பொதுவாகக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். முழுப் பென்ஷன் என்பது அதே சம்பளத்தில் 50 சதவீதம். ஆக 75,000 வந்த இடத்தில் 45,000 வரும். மாத வருமானத்தைக் காட்டி வாங்கிய விசா எதுவானாலும் அந்த இடத்தில் மனைவிக்குக் கதவு மூடுகிறது. தாய்லாந்தில் அவர் கணவரைச் சார்ந்தவர் என்ற முறையில் தங்கியிருந்தால், அந்தச் சார்பும் போய்விடும். வைப்புத்தொகை கணவர் பெயரில் மட்டும் இருந்தால், வாரிசு என்று நிரூபிக்க அந்த நாட்டு நீதிமன்றப் படி ஏற வேண்டும். பாஷை தெரியாத ஊரில், துக்கத்தோடு, தனியாக.

இங்கே விட்டுவிட்டுப் போவதையும் கணக்கில் சேருங்கள். புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்பது இந்தியாவில் வசிப்பவருக்கான கழிவு. வெளிநாடு வாழ் இந்தியர் ஆகிவிட்டால் அது கிடையாது. 75,000 பென்ஷனுக்கும் வரி உண்டு. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் புதிதாகக் கணக்குத் தொடங்கவும் முடியாது. எழுபது வயதானவர்களுக்கு ஆயுஷ்மான் திட்டம் தரும் வருடம் 5 லட்சம் மருத்துவக் காப்பீடு பாங்காக்கில் செல்லாது. 1976-லிருந்து மதுரையில் இருக்கும் அரவிந்த் கண் மருத்துவமனைக்கு, கண்புரை என்றால் வெளியூர்க்காரர்களே இங்கு தேடி வருகிறார்கள்.

பிள்ளை சிங்கப்பூரில் இருக்கிறான், அங்கேயே போய்விடலாம் என்பவர்களுக்கு: அவன் வேலை விசாவில் இருப்பவன் என்றால், மாதச் சம்பளம் 12,000 சிங்கப்பூர் டாலராவது இருந்தால்தான் பெற்றோருக்கு நீண்டகாலத் தங்கும் அனுமதி கேட்க முடியும். அதுவும் அவன் வேலை இருக்கும் வரைதான்.

அதனால் நம் தம்பதிக்கு நான் சொல்வது: வீட்டையும் பென்ஷன் கணக்கையும் மதுரையிலேயே வைத்துக்கொண்டு, வருடத்தில் ஓரிரு மாதம் போய்த் தங்கி வாருங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு மலேசியாவில் 2023 டிசம்பரிலிருந்து 30 நாள் விசா தேவையில்லை. சலுகையைத் தவணை போட்டுத்தான் நீட்டிக்கிறார்கள் என்பதால் டிக்கெட் எடுக்கும்முன் விசாரித்துக்கொள்ளுங்கள். பினாங்கில் ஒரு மாதம் இருந்து பாருங்கள், அடுத்த வருடம் யாழ்ப்பாணம்.

எங்கே போவதானாலும் கிளம்பும் முன் பி.பி.ஓ.வை, அதாவது பென்ஷன் வழங்கும் ஆணையை, எடுத்துப் பாருங்கள். அதில் மனைவி பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்க வேண்டும். ஒன்றில் மீனாட்சி, இன்னொன்றில் மீனாட்சியம்மாள் என்று இருந்தால் இப்போதே மனு கொடுத்துத் திருத்திவிடுங்கள். பென்ஷன் வரும் கணக்கில் மனைவியையும் சேர்த்து, இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று மாற்றி, அந்த பாஸ்புக்கை அவரிடமே கொடுத்துவையுங்கள்.