டால்மேஷியக் கடற்கரை: வாடகைப் பாய்மரப் படகில் ஒரு வாரம்

குரோஷியாவின் ஸ்பிளிட் நகரில் சனிக்கிழமை ஏறி அடுத்த சனிக்கிழமை இறங்கும் வழக்கமான ஒப்பந்தத்தில், மாலுமியுடன் சேர்த்துப் பாய்மரப் படகு ஒன்றை நாங்கள் அறுவர் வாடகைக்கு எடுத்தோம். ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் தமது ஓய்வுக்காலத்திற்கெனக் கட்டிய அரண்மனையின் தென்சுவர் ஒருகாலத்தில் கடலையொட்டியே நின்றது என்பது, துறையை விட்டு விலகும் படகிலிருந்து திரும்பிப் பார்க்கும்போதுதான் உண்மையாகவே விளங்குகிறது.

பயணத்தில் என்னை மிகவும் கவர்ந்தது ஹ்வார் தீவின் ஸ்டாரி கிராட். கி.மு. 384இல் பாரோஸ் தீவிலிருந்து வந்த கிரேக்கர்கள் குடியேறிய இவ்வூர், நீண்டு குறுகிய விரிகுடாவின் முடிவில் ஒதுங்கிக் கிடக்கிறது. அவர்கள் அளந்து பிரித்த வயல்களில், கல்வரப்புகளுக்கு நடுவே, இன்றும் திராட்சையும் ஒலிவமும் விளைகின்றன. 2008இல் யுனெஸ்கோ இச்சமவெளியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 1989 வரை வெளிநாட்டவர் நுழைய முடியாதிருந்த விஸ் தீவில், யூகோஸ்லாவியக் கடற்படை நீர்மூழ்கிகளை மறைக்கப் பாறையைக் குடைந்து அமைத்த சுரங்கத்தையும் கண்டோம்.

தென்கிழக்கிலிருந்து வீசும் யூகோ காற்றை முன்கூட்டியே கணித்து, கோர்ச்சுலா தீவுக்குச் செல்லும் திட்டத்தை மாலுமி கைவிட்டார். ஏமாற்றம்தான், ஆயினும் மறுநாள் அலைகளைப் பார்த்தபின் எவரும் வாய்திறக்கவில்லை.

படகை வாடகைக்கு விட்ட நிறுவனத்தின் மீது எனக்குள்ள குறை வேறு. எரிபொருள், துறைக்கட்டணம், மாலுமியின் உணவு ஆகியவை வாடகையில் அடங்கா என்பதை முன்பணம் செலுத்திய பிறகே தெரிவித்தனர். குளிர்பெட்டியும் மூன்றாம் நாளே நின்றுவிட்டது.