கடலை மாவா, ஓட்ஸா, டோஃபுவா? ஆகாதவை பல இருக்கும் வீட்டின் காலைச் சாப்பாடு

எங்கள் வீட்டில் மூன்று வயிறு, மூன்று விதம். தங்கைக்கு சீலியாக் நோய்; க்ளூட்டன் என்ற பசைப் புரதம் இருக்கும் கோதுமை, பார்லி, ரை மூன்றின் பக்கமும் போகக் கூடாது. அப்பாவுக்குச் சர்க்கரை, உப்பையும் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். எனக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. மூவரும் சைவம், முட்டையும் கிடையாது. போதாக்குறைக்கு, காலை வேளையில் யாருக்கும் இனிப்பு இறங்காது. கட்டுப்பாடு உள்ளவர்களுக்கான காலை உணவு என்று தேடினால் வாழைப்பழ ஸ்மூத்தியும் தேன் ஊற்றிய கிண்ணங்களுமாக வந்து குவிகின்றன. உப்பும் காரமுமாக, இருபது நிமிடத்தில், ஒரே அடுப்பில், எல்லோருக்கும் சேர்த்து என்னதான் செய்வது? மாற்றி மாற்றிச் செய்து பார்த்ததில் மூன்று பதார்த்தங்கள் எங்கள் வீட்டில் நிலைத்துவிட்டன: கடலை மாவு தோசை, காரமான ஓட்ஸ், டோஃபு பொடிமாஸ்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றில் கடலை மாவுக்குத்தான் முதல் இடம். ஆனால் வயிறு உப்பும் தொந்தரவு உள்ள ஒருவர் விருந்தாளியாக வந்து உட்கார்ந்தால் வரிசை அப்படியே தலைகீழாகிவிடும். இன்னொன்று: முக்கியப் பொருளால் கெட்ட காலைகளைவிட, சிட்டிகை அளவு போட்ட பொருளால் கெட்ட காலைகள்தான் எங்களுக்கு அதிகம்.

கடலை மாவு தோசை

கோதுமை இல்லை, பால் இல்லை, முட்டை இல்லை, சோயா இல்லை, பாதாம் முந்திரி வகையறாவும் இல்லை. இத்தனை 'இல்லை'களுக்குப் பிறகும் வயிறு நிறைய வைக்கும் பொருள் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. 100 கிராம் மாவில் ஏறக்குறைய 22 கிராம் புரதமும் 10 கிராம் நார்ச்சத்தும் இருக்கின்றன. ஆளுக்கு 50 கிராம் மாவு கரைத்தாலே 11 கிராம் புரதம் தட்டுக்கு வந்துவிடும். பருப்பு வகை என்பதால் சர்க்கரையும் மெதுவாகவே ஏறும். அப்பா சாப்பிட்ட இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்க்கும் எண், ரொட்டி சாப்பிடும் நாட்களைவிட இந்த நாட்களில் அடங்கியே இருக்கிறது.

கரைக்கும் விதத்தில்தான் சூட்சுமம். தண்ணீரை மொத்தமாகக் கொட்டினால் கட்டி விழும், அதற்கப்புறம் எவ்வளவு அடித்தாலும் கரையாது. மாவின் நடுவில் குழி செய்து, முதலில் கால் பங்கு தண்ணீர் மட்டும் விட்டு, கெட்டியான விழுதாகக் குழைத்துக்கொண்டு, பிறகு மீதியை ஊற்ற வேண்டும். வெள்ளைக் கொண்டைக்கடலையை அரைத்த மாவாக இருந்தால் தண்ணீர் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும். இருபது நிமிடம் ஊறினால் பச்சை வாசனை குறையும்; நேரமில்லாவிட்டால் பத்து நிமிடமாவது விடுங்கள். ருசி பார்க்கிறேன் என்று பச்சை மாவை நாக்கில் வைக்காதீர்கள், கசக்கும். வெந்தால் அந்தக் கசப்பு இருந்த இடம் தெரியாது. கல்லில் ஊற்றி, ஓரம் தானாகத் தூக்கிக்கொண்டு, மேலே ஈரப்பளபளப்பு மங்கிய பிறகு திருப்புங்கள். அவசரப்பட்டால் நடுவில் கிழியும். க்ளூட்டன் இல்லாத மாவு எல்லாவற்றுக்கும் இந்தக் குணம் உண்டு. பிடித்து வைக்க அந்தப் பசை இல்லையே.

இனி, ஏமாந்த கதை. மூன்று நாள் தொடர்ந்து இந்தத் தோசைதான் செய்தேன். மூன்றாம் நாள் தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மாவுப் பொட்டலத்தைப் பார்த்தோம், சுத்தம். எண்ணெய், உப்பு, எதிலும் குறையில்லை. கடைசியில் அவள்தான் அஞ்சறைப் பெட்டியைக் குடைந்து, சின்ன டப்பா ஒன்றை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "அக்கா, பெருங்காயத்துல கோதுமை மாவு போட்டிருக்காங்க, பாரு." பால் பெருங்காயம் நெடி மிகுந்தது என்பதால் அதை மாவும் கோந்தும் சேர்த்துக் கூட்டுப் பெருங்காயமாகத்தான் விற்கிறார்கள். பலவற்றில் அந்த மாவு கோதுமை, சிலவற்றில் அரிசி. எழுத்து கடுகளவில் இருந்தாலும் டப்பாவில் அச்சிட்டுத்தான் இருந்தது. படிக்காதது நான்.

அதற்குப் பிறகு மாவையும் சந்தேகப்படப் பழகினோம். கடலையில் க்ளூட்டன் கிடையாது. ஆனால் கோதுமை அரைத்த அதே இயந்திரத்தில் கடலையை அரைத்தால் வந்துவிடும். க்ளூட்டன் இல்லாதது என்று முத்திரை போட, ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் க்ளூட்டன் இருக்கக் கூடாது என்பதுதான் சர்வதேச உணவுத் தர நெறியான கோடெக்ஸ் வகுத்த வரம்பு. அமெரிக்காவும் 2013இல் இதே அளவை விதியாக்கியது. சீலியாக் உள்ளவர்கள் வீட்டில் அந்த முத்திரை இல்லாத மாவு எந்த தானியத்தின் பெயரில் வந்தாலும் நம்பாமல் இருப்பதே நல்லது. கோதுமை மாவு பட்ட மரக்கரண்டியையும், இடுக்கில் பழைய மாவு காய்ந்த இரும்புக் கல்லையும்கூடத்தான். தங்கைக்குத் தனிக் கல் வாங்கிய பிறகுதான் எங்களுக்கு நிம்மதி.

ஒரு எச்சரிக்கை மட்டும். க்ளூட்டன் இல்லாத மாவுக் கலவைகள் சிலவற்றில் கொண்டைக்கடலையோடு ஃபாவா பீன்ஸையும் சேர்த்து அரைக்கிறார்கள். ஜி6பிடி என்ற நொதியில் பிறவிக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஃபாவா ரத்தச் சிவப்பணுக்களையே உடைத்துவிடக்கூடும். கலவையாக வாங்காமல் தனி மாவாக வாங்குங்கள்.

காரமான ஓட்ஸ்

சுலபத்தில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. எண்ணெயில் இஞ்சி, மிளகு, கைக்குக் கிடைத்த காய் நாலு போட்டு வதக்கி, தண்ணீர் கொதித்ததும் ஓட்ஸைத் தூவி ஏழெட்டு நிமிடம். பாத்திரம் ஒன்றுதான். பாலுக்குப் பதில் செடிப்பால் விட்டால் குழைவாக வரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு நான் ஒரு நாள் பாதாம் பால் ஊற்றினேன். அது வெனிலாவும் சர்க்கரையும் கலந்த வகை என்பதைக் கவனிக்கவில்லை. மிளகும் வெனிலாவும் சேர்ந்த அந்தக் கஞ்சியை அப்பா ஒரு வாய் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் குடித்தார். செடிப்பால் வேண்டுமென்றால் இனிப்புச் சேர்க்காதது என்று அட்டையில் இருக்கிறதா பாருங்கள். தண்ணீரே போதும் என்பது என் கட்சி.

சர்க்கரைக்கு நல்லது என்று ஓட்ஸை எல்லோரும் பொத்தாம்பொதுவாகச் சொல்கிறார்கள். அதில் பாதிதான் உண்மை. முழுத் தானியத்தைத் துண்டாக வெட்டிய ஓட்ஸும், தடித்த அவலாகத் தட்டிய ஓட்ஸும் மெதுவாகச் செரிக்கும். வெந்நீர் ஊற்றியதுமே தயாராகும் உடனடி வகையில் துகள் மிகச் சன்னம். ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று ஏறும். அதிலும் மசாலா கலந்து சின்ன உறைகளில் வருவதில் உப்பு வேறு தாராளம். ரத்தத்தில் கெட்ட கொழுப்பைக் குறைக்கும் பீட்டா குளூக்கன் என்ற நார்ச்சத்து ஓட்ஸின் பெரிய பலம். நாளொன்றுக்கு 3 கிராம் என்ற கணக்கை வைத்து, இதயத்துக்கு உகந்தது என்று அட்டையில் எழுத அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1997இல் அனுமதித்தது. அந்த 3 கிராமுக்கு ஏறக்குறைய 70 கிராம் உலர் ஓட்ஸ் வேண்டும். 40 கிராம் போட்ட ஒரு கிண்ணம் பாதியைத்தான் தாண்டும். புரதமும் 5 கிராம் சொச்சம்தான். பதினொரு மணிக்கே பசிக்கிறது என்று அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது.

பெரிய சிக்கல் தங்கைக்கு. ஓட்ஸில் கோதுமையின் க்ளூட்டன் இல்லைதான். வயலிலும் வண்டியிலும் ஆலையிலும் கோதுமையும் பார்லியும் கலந்துவிடுவதால் சாதாரண ஓட்ஸ் அவளுக்கு ஆகாது. தனியாக விளைவித்துச் சோதித்த சுத்த ஓட்ஸ் கிடைக்கிறது. அதையும் சாப்பிட்டுவிட்டு அவதிப்படும் சீலியாக்காரர்கள் கொஞ்சம் பேர் உண்டு. ஓட்ஸுக்கே உரிய அவெனின் என்ற புரதம் அவர்களுக்கு ஒத்துக்கொள்வதில்லை. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஓட்ஸ் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் க்ளூட்டன் இல்லாதது என்று எழுதி விற்க முடியாது. எங்கள் வீட்டில் ஓட்ஸ் நாள் என்றால் இரண்டு பாத்திரம். ஒரே சமையல் என்ற கணக்கு அங்கேயே உடைந்துவிடுகிறது.

டோஃபு பொடிமாஸ்

இதில் எனக்குக் கொஞ்சம் பாரபட்சம் உண்டு, ருசிக்காக. சோயாப் பாலை உறைய வைத்துச் செய்யும் கெட்டி டோஃபுவைத் துணியில் சுற்றி, மேலே கனமான பாத்திரம் வைத்துப் பத்து நிமிடம் நீரை வடித்து, கையால் உதிர்த்து, மஞ்சள்தூளோடு வாணலியில் ஓரம் பொன்னிறமாகும் வரை விட்டால் நல்ல மணமும் கடிக்க ஒரு பிடிப்பும் வரும். கத்தியால் நறுக்காதீர்கள், சதுரத் துண்டில் மசாலா ஒட்டாது. முட்டை வாசனைக்கு ஏங்கும் வீகன் நண்பர்களுக்குக் கடைசியில் ஒரு சிட்டிகை கறுப்பு உப்பு தூவுவேன். அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள்தான் அந்த வாசனையைத் தருகின்றன. சமைக்கும்போதே போட்டால் வாசனை போய்விடும்.

மாவுச்சத்து மிகக் குறைவு என்பதால் அப்பாவுக்கு மூன்றில் இதுதான் ரொம்பப் பாந்தம். கால்சியம் உப்பைப் போட்டு உறைய வைத்த டோஃபுவாக இருந்தால், பாலைத் தொடாத எனக்குக் கால்சியமும் கிடைக்கிறது. நிகாரி என்ற மெக்னீசிய உப்பைப் போட்டு உறைய வைத்ததில் அவ்வளவு இருக்காது. சேர்மானப் பட்டியலில் கால்சியம் சல்பேட் என்று தேடிப் பாருங்கள். சோயா ஒவ்வாமை இருந்தால் பேச்சே இல்லை, இந்தப் பக்கம் வராதீர்கள்.

சிட்டிகைப் பொருளின் வேலை இங்கேயும் உண்டு: சோயா சாஸ். சாதாரண சோயா சாஸைக் கோதுமை சேர்த்துத்தான் புளிக்க வைக்கிறார்கள், தங்கைக்கு ஆகாது. உப்பும் அப்படியே. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் சோடிய வரம்பு நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராமுக்குள்; ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸிலேயே ஏறக்குறைய 900 போய்விடுகிறது. நான் எலுமிச்சையும் மிளகும் போட்டு இறக்கிவிடுகிறேன்.

தைராய்டுக்கு லெவோதைராக்சின் மாத்திரை போடுபவர்கள் டோஃபு விஷயத்தில் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். சோயாவும் கால்சியமும் அந்த மருந்து உடலில் சேர்வதைத் தடுக்கக்கூடும். மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டு அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் எதையும் சாப்பிடச் சொல்வார்கள். தினமும் சோயா சாப்பிடும் வழக்கம் இருந்தால் மருத்துவரிடம் சொல்லி வையுங்கள், அவர் அளவை அதற்கேற்பப் பார்த்துக்கொள்வார்.

வரிசை தலைகீழாகும் இடம்

எரிச்சல் குடல் நோய் உள்ள தோழி ஒருத்தி நாலு நாள் எங்களோடு தங்கினாள். ஃபோட்மாப் என்று சொல்லும், குடலில் எளிதில் புளித்து வாயுவாகும் சர்க்கரைகளைக் குறைத்துச் சாப்பிடுபவள். அந்த உணவுமுறையை வகுத்தது ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம். அவள் வந்த அன்று என் முதலிடக்காரன் கடலை மாவு கடைசிக்குப் போனான். பருப்பு வகைகளில் இருக்கும் கேலக்டோ ஆலிகோசாக்கரைடுகள் அவளைப் படுத்திவிடும். டோஃபுவும் பருப்பிலிருந்து வந்ததுதானே? வந்ததுதான். ஆனால் அந்தச் சர்க்கரைகள் நீரில் கரைபவை. கெட்டி டோஃபுவை அழுத்தி நீரை வெளியேற்றும்போது பெரும்பகுதி நீரோடு போய்விடுகிறது. நீரோடேயே உறைந்த மென்மையான சில்க்கன் டோஃபுவில் அவை தங்கிவிடும். ஒரே பயறு, ஒரே ஆலை, பிழிந்ததற்கும் பிழியாததற்கும் இவ்வளவு வித்தியாசம்.

வெங்காயமும் பூண்டும் அவளுக்குத் தடை. அங்கேயும் நீரில் கரையும் கணக்குதான். பூண்டிலுள்ள ஃப்ரக்டான் என்ற ஃபோட்மாப் சர்க்கரை எண்ணெயில் கரையாது. பல்லை எண்ணெயில் போட்டு வாசம் இறங்கியதும் பல்லை எடுத்தெறிந்துவிட்டால் எண்ணெய் அவளுக்குச் சேரும். அந்த எண்ணெயை அப்போதைக்கப்போதே செலவழித்துவிடுங்கள், எடுத்து வைத்தால் நச்சுக்கிருமி வளர வாய்ப்புண்டு. வெங்காயத்தாளின் பச்சைப் பாகமும் பரவாயில்லை, வெள்ளைப் பாகம் வேண்டாம். வெங்காய வாசனைக்கு ஈடாகப் பெருங்காயம் போடச் சொல்வார்கள். போடுங்கள், எந்த மாவு கலந்தது என்று பார்த்துவிட்டு.

உருளைக்கிழங்கு, கினோவா, பக்வீட் பற்றியும் கேட்பீர்கள். கினோவாவைச் சபோனின் கசப்புப் போகக் கழுவி, வேகவைத்து, ஆறவைத்துக் கிளறுவதற்குள் காலை போய்விடும். முந்தின இரவே வேகவைத்தால் உண்டு. பக்வீட் பெயரில்தான் கோதுமை ஒட்டிக்கொண்டிருக்கிறது, செடி வேறு குடும்பம், க்ளூட்டன் இல்லை. அதற்கே ஒவ்வாமை உள்ளவர்களும் இருக்கிறார்கள். உருளையும் மிளகும் வதக்கியது ஏறக்குறைய எல்லோருக்கும் ஆகும், அப்பாவைத் தவிர. சிறுநீரக நோயால் பொட்டாசியத்தைக் குறைப்பவர்கள் கிழங்கைச் சின்னத் துண்டாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு வதக்கலாம். பொட்டாசியம் பாதியளவுக்குக் குறையும். வெறுமனே ஊறவைத்துப் பயனில்லை. அவர்களுக்குக் கடலை மாவும் டோஃபுவும் எவ்வளவு என்பதை உணவியலாளர்தான் சொல்ல வேண்டும்.

இப்போது எங்கள் வீட்டில் வாரத்தில் நான்கு நாள் கடலை மாவு, இரண்டு நாள் டோஃபு. ஞாயிறன்று மட்டும் ஓட்ஸ், நேரம் இருப்பதால் இரண்டு பாத்திரத்தில். தங்கையின் பாத்திரத்துக் கைப்பிடியில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன். அப்பா அதில் கரண்டியை விடப் போகும்போதெல்லாம் அவள் அடுப்படியிலிருந்தே கத்துவாள்: "அப்பா, அது என்னோடது!"