வயிற்றுப்போக்குக்கு எதைக் கொடுப்பது: பவுடர் பாக்கெட்டா, டெட்ரா பேக்கா, உப்பு சர்க்கரைக் கரைசலா, இளநீரா?

வீட்டில் யாருக்காவது பேதி தொடங்கிவிட்டால், உடல் இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டும் ஒரு பானம்தான் முதலில் வேண்டும் என்பதில் இன்று யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எந்தப் பானம் என்பதில்தான் வீட்டுக்கு வீடு பேச்சு மாறுகிறது. பெரியவர்கள் இளநீர் வெட்டி வரச் சொல்வார்கள். மருந்துக் கடையில் ஆரஞ்சு சுவையில் ஒரு டெட்ரா பேக்கை எடுத்து நீட்டுவார்கள். பக்கத்து வீட்டில் உப்பும் சர்க்கரையும் கரைத்தால் போதும் என்பார்கள். வயதான மாமியாரும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் இருக்கிற எங்கள் வீட்டு மருந்துப் பெட்டியில், எல்லாவற்றையும் பார்த்த பிறகு, ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். (வாய்வழி நீரேற்ற உப்புக் கலவை) பவுடர் பாக்கெட்டுகளை மட்டும் வைத்திருக்கிறோம். எனவே பின்வரும் அலசலில் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பானம் என்ன வேலை செய்ய வேண்டும் என்பது தெரிந்தால்தான் ஒப்பிட முடியும். சிறுகுடலின் உட்சுவரில் குளுக்கோஸும் சோடியமும் கைகோத்து உள்ளே நுழைகிற வழி ஒன்று உண்டு. பேதியின்போதும் அந்த வழி பெரும்பாலும் அடைபடுவதில்லை. அவை இரண்டும் உள்ளே போனால் தண்ணீரும் பின்தொடர்ந்து போகும். ஆகவே வெறும் தண்ணீரோ வெறும் சர்க்கரை நீரோ போதாது. குளுக்கோஸும் சோடியமும் உரிய விகிதத்தில் இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2002-ல் திருத்தி அமைத்த கலவையின்படி, ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சாதாரண உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம் என மொத்தம் 20.5 கிராம் பொருள் கரைய வேண்டும். அப்படிக் கரைந்தால் அதன் செறிவு லிட்டருக்கு 245 மில்லி ஆஸ்மால் (கரைந்திருக்கும் துகள்களின் எண்ணிக்கையைக் குறிக்கும் அலகு). அதாவது ரத்தத்தின் செறிவைவிடச் சற்றுக் குறைவு. அதற்கு முன் இருந்த கலவையின் செறிவு 311. அந்தச் செறிவைக் குறைத்ததால் மலத்தின் அளவும் வாந்தியும் குறைந்ததைக் கண்டே மாற்றினார்கள். செறிவில் இந்த அளவு வித்தியாசமே பலனை மாற்றுகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், மற்றவற்றை எடைபோடுவது எளிது.

இளநீரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நல்ல பானம்தான்; பொட்டாசியம் நிறைய உண்டு. ஆனால் பேதியில் பெருமளவு வெளியேறும் சோடியம் அதில் மிகக் குறைவு. லேசான வயிற்றுப்போக்கில், சோறும் மோரும் இறங்குகிற நிலையில், இளநீர் துணையாக இருக்கட்டும். அதையே நம்பியிருப்பது சரியல்ல. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், பொட்டாசியத்தை உடலில் தேக்கும் சிலவகை ரத்த அழுத்த மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கும் அந்தப் பொட்டாசியமே தொல்லையாகலாம் என்பதால், எங்கள் மாமியாருக்கு மருத்துவரைக் கேட்காமல் அதைக் கொடுப்பதில்லை. வெயிலுக்குக் கரைத்துக் குடிக்கும் குளுக்கோஸ் பவுடரையும் இதே வரிசையில் வைக்கலாம். டப்பாவில் வந்தாலும் அது ஓ.ஆர்.எஸ். அல்ல, அதில் சோடியம் கிட்டத்தட்ட இல்லை.

டெட்ரா பேக்கில் கவனம் தேவை. உலக சுகாதார நிறுவனத்தின் கலவைப்படி 200 மில்லியில் இருக்க வேண்டிய குளுக்கோஸ் 2.7 கிராம். ஆனால் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைப் பெயரில் தாங்கி வந்த பல பழச்சுவைப் பானங்களில் சர்க்கரை அதைப்போலப் பல மடங்கு இருந்தது. மிகையான சர்க்கரை குடலுக்குள் நின்று தண்ணீரைத் தன்பக்கம் இழுக்கும். பேதி குறைவதற்குப் பதில் கூடும். ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தைகள் நல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் இதற்காகப் போராடினார். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், உணவுப் பொருட்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போடக் கூடாது என உத்தரவிட்டது. சரியான கலவையில், குடிக்கத் தயாராக டெட்ரா பேக்கில் வரும் கரைசல்களும் இருக்கின்றன. அவற்றைக் குறை சொல்வதற்கில்லை. பிரித்தறிய ஒரு வழி உண்டு. உணவுப் பொருளானால் அட்டையில் 14 இலக்க உணவு உரிம எண் இருக்கும். மருந்தானால் மருந்து உற்பத்தி உரிமமும், இந்திய மருந்துத் தர நூலைக் குறிக்கும் ஐ.பி. என்ற எழுத்துகளும் இருக்கும். கூடவே கலவையின் அளவுகளையும் ஒருமுறை படித்துவிட வேண்டும். பேருந்துப் பயணத்தில், சுத்தமான தண்ணீர் கிடைக்காத இடத்தில், சரியான டெட்ரா பேக் உண்மையிலேயே உதவும். வீட்டில் இருக்கும்போது 200 மில்லிக்கு அந்த விலை கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பெரும்பாலும் அதைவிடக் குறைந்த விலையில் ஒரு லிட்டருக்கான பவுடரே கிடைத்துவிடுகிறது.

இனி மிச்சமிருப்பவை இரண்டு: வீட்டில் கலக்கும் உப்பு சர்க்கரைக் கரைசல், பவுடர் பாக்கெட். இவற்றுக்கிடையே தீர்ப்புச் சொல்வது அளவு ஒன்றுதான்.

உப்பு சர்க்கரைக் கரைசலுக்குப் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு, ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, தலை தட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு என்பது. கேட்க எளிது. ஆனால் 5 மில்லி கொள்ளும் தேக்கரண்டி எத்தனை வீடுகளில் இருக்கிறது? அஞ்சறைப் பெட்டியில் கிடக்கும் குட்டிக் கரண்டி ஒரு அளவு, காபிக்குச் சர்க்கரை போடும் கரண்டி இன்னொரு அளவு. தலை தட்டாமல் குவித்து எடுத்தால் உப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். நம் சமையலறைகளில் இன்னமும் பெரிதும் புழங்குவது கல் உப்பு. பரல்களுக்கிடையே இடைவெளி இருப்பதால் அதே கரண்டியில் தூள் உப்பைவிடக் குறைவாகவே அடங்கும். உப்பு குறைந்தால் பலன் குறையும். கூடினால், குறிப்பாகச் சிறு குழந்தைகளுக்கு, ரத்தத்தில் சோடியம் ஏறி ஆபத்தாகும். கண்ணீரைவிட உப்புக் கரித்தால் கொட்டிவிட்டு வேறு கலக்க வேண்டும் என்பது கிராமச் செவிலியர்கள் சொல்லும் எளிய சோதனை. ஆனால் அது மிகையைத்தான் காட்டிக்கொடுக்கும், குறைவைக் காட்டாது.

இந்த முறையே பயனற்றது என்று நான் சொல்லவில்லை. வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு நிறுவனம் 1980 முதல் பத்தாண்டுகளில் 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குச் சென்று, மூன்று விரலால் எடுக்கும் சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரைச் சேர் (ஏறக்குறைய அரை லிட்டர்) தண்ணீர் என்று தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுத்தது. சொல்லிவிட்டு வந்துவிடவில்லை, கற்றுக்கொண்ட தாய் சரியாகக் கலக்கிறாரா என்று பின்னர் சோதித்து, அதைப் பொறுத்தே பணியாளர்களுக்கு ஊதியம் கொடுத்தார்கள். அந்தப் பயிற்சிதான் அங்கே கைப்பிடியை அளவுகோல் ஆக்கியது. நள்ளிரவில் யாரோ சொன்னதை நினைவுபடுத்திக் கலக்கும் நமக்கு அந்தப் பயிற்சி கிடையாது. பாக்கெட் கைக்குக் கிடைக்கும்வரை, உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியையும் உப்பிட்ட நீர்மோரையும்தான் நான் கொடுப்பேன். இவை உலக சுகாதார நிறுவனமே ஏற்றுக்கொண்ட வீட்டுப் பானங்கள்.

பவுடர் பாக்கெட்டின் பெருமையே எடைபோடும் வேலையை நமக்கு விட்டுவைக்காததுதான். 1971-ல் வங்கதேச விடுதலைப் போரின்போது மேற்கு வங்க எல்லையில் உள்ள போன்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, மருத்துவர் திலீப் மகலநபிஸ் குழுவினர் உப்பையும் குளுக்கோஸையும் சமையல் சோடாவையும் கொல்கத்தாவிலேயே எடைபோட்டுப் பிளாஸ்டிக் பைகளில் அடைத்துக் கொண்டுவந்தார்கள். தண்ணீரில் கரைத்து, நோயாளிகளின் உறவினர்கள் கையாலேயே குடிக்கவைத்தார்கள். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 3.6 சதவீதமாக இறங்கியது.

இன்றைய பாக்கெட்டிலும் எடையைத் தயாரிப்பவர்களே போட்டுத் தந்துவிடுகிறார்கள். தண்ணீரை அளப்பது இன்னும் நம் கையில்தான் இருக்கிறது. ஒரு லிட்டருக்கான பாக்கெட்டைப் பிரித்து, ஒரு டம்ளருக்குக் கொஞ்சம் போட்டுக் கலக்கிவிட்டு, மீதியை மடித்து ரப்பர் பேண்ட் போட்டு வைக்கிற வழக்கம் நம்மிடையே மிகப் பரவலானது. அந்தக் கொஞ்சம் என்பது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. முழு பாக்கெட்டையும் 600 மில்லியில் கரைத்தாலே செறிவு 400-ஐத் தாண்டிவிடும். ஒரு டம்ளரில் முழுவதையும் கொட்டினால் கேட்கவே வேண்டாம். 200 மில்லிக்கான சிறு பாக்கெட் இதற்குத் தீர்வு என்று பலரும் நினைக்கிறார்கள். முதலில் நானும் அதன் பக்கம்தான் சாய்ந்தேன். ஆனால் எங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளர்களை அளவுக் குவளை வைத்து அளந்தபோது, ஒரே அலமாரியில் 150 மில்லி கொள்வதும் இருந்தது, 300 மில்லி கொள்வதும் இருந்தது. பார்வைக்கு எல்லாமே ‘ஒரு டம்ளர்’தான். இதற்கு மாறாக, ஒரு லிட்டர் குடிநீர் பாட்டில் எந்த ஊரிலும் ஒரே அளவு. அளவு அதன் மேலேயே அச்சாகியிருக்கும். அப்படியொரு பாட்டிலைக் கழுவி, மருந்துப் பெட்டியோடே வைத்துவிட்டோம். காய்ச்சி ஆறிய தண்ணீரை அந்த அளவுக்கு நிரப்பி, பாத்திரத்தில் ஊற்றி, முழு பாக்கெட்டையும் ஒரே தடவையில் கொட்டிக் கலக்கினால் பிழைக்கு இடமில்லை. மீந்ததை 24 மணி நேரத்துக்குப் பின் கொட்டிவிட வேண்டும். வீணாகிறதே என்று தயங்கத் தேவையில்லாத விலைதான். சரியாக 200 மில்லி அளக்கும் குவளையோ கோடு போட்ட பால் பாட்டிலோ கைவசம் உள்ள வீட்டுக்குச் சிறு பாக்கெட்டே பொருந்தும்.

பவுடருக்கும் குறைகள் உண்டு. சுவை பிள்ளைகளுக்குப் பிடிக்காது. மடக்கு மடக்காக ஊற்றினால் வாந்தி எடுப்பார்கள். கரண்டியால் ஓரிரு நிமிட இடைவெளியில் கொடுப்பதுதான் எங்களுக்குப் பலித்தது. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் தொடங்கலாம். சுவைக்காக அதில் சர்க்கரையோ பழச்சாறோ சேர்த்தால் கலவை கெட்டுவிடும். ஒவ்வொரு முறை போன பிறகும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, பத்து வயது வரை 100 முதல் 200 மில்லி என்பது பொதுவான அளவு. பெரியவர்கள் தாகம் அடங்கும்வரை குடிக்கலாம். இதைக் குடித்தும் பேதி நிற்கவில்லையே என்று இரண்டாம் நாளே பாக்கெட்டை ஓரம்கட்டுகிறவர்கள் பலர். இது பேதியை நிறுத்தும் மருந்தல்ல, உடலை வறளவிடாமல் காப்பது. பேதி நாட்களைக் குறைக்கக் குழந்தைகளுக்குத் துத்தநாக மாத்திரை தரப்படுகிறது; ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டோடு அதையும் இலவசமாகக் கொடுப்பார்கள். வயிற்றைக் காயப்போடுவதும் வேண்டாம்; தாய்ப்பாலும் வழக்கமான உணவும் தொடர வேண்டும். ஆறு மாதத்துக்குட்பட்ட கைக்குழந்தையைப் பற்றி என் அனுபவத்தை வைத்துப் பேச நான் துணியமாட்டேன். அங்கே நேராக மருத்துவரிடம் போவதே முறை. இதயநோய், சிறுநீரகநோய் உள்ளவர்களுக்கும் எவ்வளவு கொடுக்கலாம் என்பதை அவரே சொல்ல வேண்டும்.

எந்தப் பானமும் போதாத நிலையும் உண்டு. மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், குடிப்பது எதுவும் தங்காத வாந்தி, பல மணி நேரமாகச் சிறுநீர் போகாமை, அழுதாலும் கண்ணீர் வராமை, கண்கள் குழிவிழுதல், வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு மெதுவாகத் திரும்புதல், எழுப்பினாலும் சோர்ந்து விழுதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் மருத்துவமனைக்குக் கிளம்பிவிட வேண்டும். குடிக்க முடிகிறவராக இருந்தால், வழியிலும் ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொடுத்துக்கொண்டே போகலாம்.