ஷாக்கலா, ஸ்பிரிங்கா, டயரா? தோட்டத்து ரோட்டுக்கு ஜீப்பை உயர்த்தும் வழிகள்

"எத்தனை இஞ்ச் தூக்கலாம் அண்ணே?" ஜீப் வாங்கிய தம்பிமார் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். நான் திருப்பிக் கேட்பது வேறு. எங்கே அடிபடுகிறது? அக்சிலின் நடுவில் புடைத்திருக்கும் டிஃபரென்ஷியல், அதாவது டிஃப், கல்லில் தட்டுகிறதா, பம்பர் கான் கரையில் இடிக்கிறதா, மூட்டை ஏற்றியதும் பின்பக்கம் உட்கார்ந்துவிடுகிறதா, பெரிய டயர் போட்டதால் மட்காட்டில் உரசுகிறதா? நாலும் நாலு நோய். கராஜில் எல்லாவற்றுக்கும் "லிஃப்ட்" என்ற ஒரே பெயர் இருப்பதால், பலர் காசைக் கொட்டி வேண்டாத இடத்தில் உயரம் வாங்கி வருகிறார்கள்.

என்னிடம் இருப்பது முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங் போட்ட பழைய ஹைலக்ஸ். வார நாட்களில் மரக்கறி மூட்டை, சனி ஞாயிறில் மலையுச்சிக் காட்சியிடமான லிப்டன் சீட் பார்க்க வருகிறவர்கள். ஹப்புத்தளையைச் சுற்றி ஓடும் வண்டிகளில் பாதி இந்த வயசுதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருடமும் இருக்கிற வண்டியையே ஒட்டி வெட்டி ஓட்டினோம். அதனால் "உயர்த்த வேண்டும்" என்று வருகிற வண்டிகளில் பலவற்றுக்கு உண்மையில் தேவைப்படுவது உயர்த்தல் இல்லை. தொய்ந்துபோன ஸ்பிரிங்கை மாற்றினாலே போதும், கம்பனி கொடுத்த உயரம் திரும்ப வந்துவிடும். முதலில் சில்லின் நடுவிலிருந்து மட்காட் விளிம்பு வரை நாலு பக்கமும் அளந்து பாருங்கள். இடமும் வலமும் ஒரு அங்குலம் வித்தியாசப்பட்டால் அது லிஃப்ட் பேசும் வண்டி இல்லை, வைத்தியம் பார்க்க வேண்டிய வண்டி.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். இரு பக்கச் சில்லுகளையும் ஒரே அச்சு இணைக்கும் முழு அக்சில் உள்ள வண்டியில் எந்த ஸ்பிரிங் போட்டாலும், எந்த ஷாக்கல் (ஸ்பிரிங்கின் நுனியைச் சேஸியோடு இணைக்கும் தகடு) போட்டாலும், டிஃபின் உயரம் ஒரு நூல்கூட மாறாது. டிஃப் அக்சிலோடு இருக்கிறது, அக்சில் டயரில் நிற்கிறது. நடுவில் புடைத்த கல்லில் டிஃப் தட்டுகிறவனுக்கு மருந்து டயர் மட்டும்தான். சஸ்பென்ஷன் லிஃப்ட் உயர்த்துவது சேஸியையும் அதற்கு மேல் உள்ளதையும். மதகு ஏறும்போது பம்பர் இடிப்பது, மேட்டு முதுகில் வயிறு தட்டுவது, இவற்றுக்கு அது உதவும். முன்பக்கம் தனித்தனிச் சில்லாக அமைந்த மொன்டேரோ, புதிய ஹைலக்ஸ் போன்றவற்றில் முன் டிஃப் சேஸியில் தொங்குவதால் அங்கே மட்டும் கதை வேறு.

நீள ஷாக்கலும் முழு ஸ்பிரிங் கிட்டும்

பட்டை ஸ்பிரிங் வண்டிக்காரன் முன்னால் வரும் உண்மையான போட்டி இதுதான். ஷாக்கல் மலிவு. ஸ்பிரிங்கின் நுனியைச் சேஸியோடு இணைக்கும் அந்த இரண்டு தகடுகளையும் நீளமாக வெட்டிப் போட்டால் ஒரு பகலில் வேலை முடியும். முழு கிட் என்றால் புதிய ஸ்பிரிங் செட், அதற்கேற்ற நீளமான ஷொக் அப்சோபர், மூட்டுகளில் போகும் ரப்பர் புஷ், அக்சிலை ஸ்பிரிங்கோடு கட்டும் யூ போல்ட் எல்லாம் சேர்ந்து வரும். ஓல்ட் மேன் எமு, அயர்ன்மேன் போன்ற ஆஸ்திரேலியப் பெயர்களில் கிடைக்கும். கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் தேடி ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்கிறவர்களும் உண்டு. ஷாக்கலின் செலவைப் போலப் பல மடங்கு ஆகும்.

நானும் முதலில் ஷாக்கல்தான் போட்டேன். 2 அங்குலம் நீட்டினார்கள், வண்டி உயர்ந்தது 1 அங்குலம். கணக்கே அப்படித்தான். ஒரு நுனியை மட்டும் இறக்கினால் நடுவில் இருக்கும் அக்சிலுக்கு அதில் பாதிதான் கிடைக்கும். ஆனால் உயரம் குறைந்ததைவிடப் பெரிய பிரச்சினை வேறு. என் வண்டியைப் போல முன் ஸ்பிரிங்கின் முன் நுனியில் ஷாக்கல் இருக்கும் வண்டிகளில், அந்த நுனி கீழே இறங்கினால் அக்சில் முன்பக்கம் கவிழ்ந்து திரும்பும். சில்லு திரும்பும் அச்சான கிங்பின்னின் சாய்வு, கராஜில் காஸ்டர் என்பார்களே, அது குறைந்துவிடும். வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நேருக்கு வருவது காஸ்டரால்தான். அது குறைந்த வண்டி நேர் ரோட்டில் நாய் மோப்பம் பிடிப்பதுபோல அங்குமிங்கும் அலையும்.

எனக்கு அது தெரியவந்த இடம் தம்பேத்தன்ன தொழிற்சாலைக்குக் கீழே. 1890இல் லிப்டன் கட்டிய அந்தத் தொழிற்சாலையிலிருந்து ஹப்புத்தளைக்கு இறங்கும் பாதை ஒடுக்கம். ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் கான். இறக்கத்தில் ஒரு குழியில் முன்சில்லு விழுந்து எழுந்ததும் ஸ்டியரிங் இரு பக்கமும் உதறத் தொடங்கியது. பிடித்து நிறுத்த முடியவில்லை, வேகத்தைக் குறைத்து நிற்கும் வரை உதறியது. எதிரே பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓரமாக நடந்து வந்துகொண்டிருந்தார்கள். அன்று சாயங்காலமே ஷாக்கலைக் கழற்றினேன். குறுக்குச் சட்டம் எதுவும் இல்லாமல் வெறும் பட்டை இரும்பில் வெட்டியிருந்தார்கள். அதற்குள்ளேயே ஒன்று பக்கவாட்டில் வளைந்திருந்தது. பழைய ஷொக்கையே விட்டுவைத்திருந்ததால், சில்லு கீழே தொங்கும்போதெல்லாம் ஷொக் முழுசாக இழுபட்டு, மேல் பிடியில் வெடிப்பும் விழுந்திருந்தது.

கொழுந்து லொறி ஓட்டிய என் பெரியப்பா அப்போது ஒன்று சொன்னார். "ஏறுறப்போ வண்டி நின்னுட்டா கல்லு வச்சு சமாளிச்சுக்கலாம்டா. எறங்குறப்போ நிக்கலேன்னா என்னத்த வப்ப?" அதற்குப் பிறகு எந்த லிஃப்டையும் நான் இறக்கத்தை வைத்துத்தான் எடை போடுகிறேன்.

அப்படிப் பார்த்தால் முழு கிட் தெளிவாக முந்துகிறது. ஸ்பிரிங்கின் வளைவிலேயே உயரம் கிடைப்பதால், ஒன்றரை இரண்டு அங்குலம் வரை அக்சில் பெரிதாகத் திரும்பாது. காஸ்டர் கொஞ்சம் குறைந்தாலும் அக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே ஆப்புத் தகடு வைத்துச் சரிசெய்யலாம். நீளமான ஷொக் இருப்பதால் ஒரு சில்லு கானில் இறங்கினாலும் மற்றது நிலத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். கல் பதித்த தோட்டத்து ரோட்டில் வண்டியை நகர்த்துவது அந்தப் பிடிப்பு, உயரம் அல்ல.

வாங்கும்போது பாரத்தைச் சரியாகச் சொல்லிவிடுங்கள். ஒரே வண்டிக்குப் பல தரத்தில் ஸ்பிரிங் இருக்கிறது. எப்போதும் 500 கிலோ ஏற்றுகிறவனுக்கான பின் ஸ்பிரிங்கை வெறும் வண்டிக்குப் போட்டால், வளைவில் பின்பக்கம் துள்ளி ரோட்டைவிட்டு நகரும். மழையில் அது ஆபத்து.

பட்டை சேர்ப்பதும் கட்டை வைப்பதும்

இருக்கும் ஸ்பிரிங் கட்டில் இன்னொரு பட்டை சேர்ப்பது நம் பக்கத்தில் பழைய வழக்கம். மரக்கறி ஏற்றுகிற வண்டிக்கு அது நியாயமான வழிதான். செலவு குறைவு, பாரத்தில் வண்டி உட்காராது. ஆனால் வெறுமையாக ஓடும்போது முதுகு சொல்லும். தொய்ந்த பட்டைகளுக்கு நடுவில் புதிய பட்டை தனியாகப் பாரம் சுமக்கும். அதனால் கட்டு பழசாக இருந்தால் முழுசாக மாற்றுவதே மேல்.

அக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே இரும்புக் கட்டை வைப்பது பின்பக்கத்துக்கு மட்டும், அதுவும் ஒற்றைக் கட்டை. முன்பக்கம் வைக்கவே கூடாது. பிரேக் பிடிக்கும்போது அக்சில் சுழலப் பார்க்கும். அந்த விசை கட்டையின் உயரத்தால் இன்னும் கூடும். ஸ்டியரிங் இணைந்திருக்கும் அக்சிலில் அந்த விளையாட்டு வேண்டாம்.

பட்டை, கட்டை, கிட், எதைப் போட்டுப் பின்பக்கத்தை உயர்த்தினாலும் ஹைலக்ஸ்காரர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய சாமான் ஒன்று இருக்கிறது. பின் அக்சிலிலிருந்து ஒரு கம்பி மேலே போய் சேஸியில் உள்ள பிரேக் வால்வில் முடியும். பாரம் ஏறி பின்பக்கம் தாழ்ந்தால் பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம், வெறுமையாக உயர்ந்து நின்றால் குறைந்த அழுத்தம், இதுதான் அதன் வேலை. பின்பக்கத்தை 2 அங்குலம் தூக்கிவிட்டு அந்தக் கம்பியை அப்படியே விட்டால், மூட்டை நிறைந்திருக்கும்போதும் வால்வு "வண்டி வெறுமை" என்றே எடுத்துக்கொள்ளும். பின் பிரேக் சோம்பிவிடும், முன் பிரேக் எல்லாவற்றையும் சுமக்கும். பெரகலையிலிருந்து கொஸ்லந்தை வழியாக வெல்லவாய இறங்குகிறவர்களுக்கு அதன் அர்த்தத்தை நான் விளக்க வேண்டியதில்லை. கம்பியின் பிடியை உயர்த்திய அளவுக்குத் தள்ளிப் பொருத்துவது அரை மணி நேர வேலை. நான் பார்த்த லிஃப்ட் வண்டிகளில் அதைச் செய்தவை மிகக் குறைவு, அதுதான் எனக்குக் கவலை.

கொயில் ஸ்பிரிங் வண்டிகள்

சுருள் ஸ்பிரிங்கில் நிற்கும் ஜிம்னி, டிஃபென்டர் வைத்திருப்பவர்களுக்கு ஷாக்கல் பேச்சு இல்லை. அவர்களுக்குப் போட்டி, ஸ்பிரிங்கின் தலையில் வைக்கும் ஸ்பேசர் வளையத்துக்கும் உயரமான புதிய கொயிலுக்கும் இடையில். ஸ்பேசர் மலிவு, 1 அங்குலம் வரை குறை சொல்ல மாட்டேன். 2 அங்குலம் என்றால் கொயிலும் ஷொக்கும் ஜோடியாக மாற வேண்டும். எதைப் போட்டாலும் இரண்டு விஷயம் கூடவே வரும். முன் அக்சிலைப் பிடித்திருக்கும் நீளக் கைகள் கீழே சாய்வதால் இங்கேயும் காஸ்டர் குறையும். அதற்கென்றே துளை தள்ளி வார்த்த புஷ் கிடைக்கிறது. அக்சிலைக் குறுக்காகப் பிடிக்கும் பான்ஹார்ட் கம்பியின் சாய்வும் கூடி, அக்சில் ஒரு பக்கம் நகர்ந்து நிற்கும். நீளம் மாற்றக்கூடிய கம்பி போட்டு நடுவுக்குக் கொண்டுவரலாம். "ஜிம்னி ஸ்டியரிங் உதறுது" என்று வருகிறவர்களில் பலர் இந்த இரண்டையும் செய்யாமல் கொயிலை மட்டும் மாற்றியவர்கள். டிஃபென்டரில் 2 அங்குலத்துக்கு மேல் போனால் முன் புரொப்பெல்லர் ஷாஃப்டின் யுனிவர்சல் ஜொயின்ட் தாங்கும் கோணத்தையும் பார்க்க வேண்டும்.

முன் ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுக்குக் கம்பி, அதாவது டோர்ஷன் பார், உள்ள பழைய மொன்டேரோ, எல் 200 வண்டிகளில் ஸ்பானர் இருந்தால் போதும், செலவே இல்லாமல் முன்பக்கம் உயரும். அதனால்தான் அளவு மீறித் திருகுகிறார்கள். சில்லு ஏற்கெனவே கீழே தொங்கி நிற்பதால் குழியில் இறங்க இடமில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் மேல் கை தடுப்பில் அடிக்கும். சில்லுக்குச் சுழற்சி கொண்டுபோகும் சி.வி. ஜொயின்டின் ரப்பர் உறை மடிந்து கிழியும், சேறு உள்ளே போகும். 1 அங்குலத்துக்கு மேல் நான் திருகுவதில்லை.

பாடி லிஃப்ட், அதாவது சேஸிக்கும் பாடிக்கும் நடுவே கட்டை வைப்பது, பெரிய டயருக்கு மட்காட்டில் இடம் கொடுக்கும், அவ்வளவுதான். சேஸி இருந்த இடத்திலேயே இருக்கும்.

டயர் மட்டும்

சேற்றுக்கான பட்டன் டயரை அளவு கூட்டாமல் போடுவதே பாதிப் பேருக்குப் போதும் என்பது என் எண்ணம். அளவு கூட்டுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும். புதிய ஜிம்னியின் 195/80R15 டயர் சுமார் 693 மி.மீ. உயரம். பலரும் போடும் 235/75R15 சுமார் 733 மி.மீ. டிஃபுக்குக் கிடைப்பது அதில் பாதி, 20 மி.மீ. அதற்குக் கொடுக்கும் விலை என்ன? எல்லாக் கியரும் கிட்டத்தட்ட 6 சதவீதம் நீண்டுவிடும். ஸ்பீடோமீட்டர் 50 காட்டும்போது வண்டி 53இல் போகும். ஏற்றத்தில் இழுவை குறையும், அதை எல்லோரும் கவனிப்பார்கள். இறக்கத்தில் எஞ்சின் பிடித்துக்கொடுக்கும் பிரேக்கும் அதே அளவு குறையும்; அதைக் கவனிப்பவர் சிலரே. றம்பொடை வளைவுகளில் இரண்டாம் கியரில் பிரேக் தொடாமல் இறங்கிய வண்டி, அதற்குப் பிறகு அடிக்கடி பெடலைத் தேடும்.

உயரத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. கணக்குக்காக, சில்லுகளுக்கு நடுவே 1400 மி.மீ., பாரத்தின் மையம் நிலத்திலிருந்து 700 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். நிற்கும் வண்டி 45 பாகை பக்கச் சரிவில் கவிழும் நிலைக்கு வரும். மையம் 50 மி.மீ. உயர்ந்தால் அது 43 பாகை, 100 மி.மீ. உயர்ந்தால் 41. தாளில் இது சின்ன வித்தியாசம். ஸ்பிரிங் ஒரு பக்கம் அமுங்கி, கூரையில் மூட்டை கட்டி, மழையில் கரை இடிந்த ரோட்டில் போகும்போது அந்த நாலு பாகை கையில் இல்லாமல் போவதை ஓட்டுகிறவன் உணர்வான்.

ஆகவே என் தெரிவு இது: பட்டை ஸ்பிரிங் வண்டிக்கு ஒன்றரை முதல் 2 அங்குல முழு கிட்; காசு சேரும் வரை பின்பக்கம் ஒரு பட்டை. கொயில் வண்டிக்குக் கொயிலும் ஷொக்கும், கூடவே காஸ்டர் புஷ். டயர் ஒரு படி மட்டும் கூட. 4 அங்குலம் வேண்டும் என்று வருகிறவரிடம் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பதிவுப் புத்தகத்தில் உள்ள அமைப்பிலிருந்து வண்டியை மாற்றும் முன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேளுங்கள், காப்புறுதிக் கம்பனிக்கும் எழுத்தில் அறிவியுங்கள்.

பூட்டும் நாளில் பக்கத்தில் நில்லுங்கள். கழற்றிய யூ போல்டைத் திரும்பப் போட விடாதீர்கள். ஒருமுறை இழுபட்டது மறுபடி அதே இறுக்கம் தராது. ரப்பர் புஷ் போல்ட்டுகளை ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கக் கூடாது. வண்டியை நிலத்தில் இறக்கி, தன் பாரத்தில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கம், இல்லையென்றால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சில மாதத்தில் கிழியும். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுசாக வெட்டி, ஒரு சில்லை அந்தரத்தில் தொங்கவிட்டு, பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். 500 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா யூ போல்டையும் மறுபடி இறுக்குங்கள். கராஜை விட்டு வெளியே வரும் முன் ஹெட்லைட்டைக் கீழே இறக்கச் சொல்லுங்கள். முன்பக்கம் உயர்ந்த வண்டியின் வெளிச்சம் எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கும். ஹப்புத்தளைப் பனியில் அது ரோட்டில் விழாமல் வெள்ளைச் சுவராக நம் முன்னாலேயே நிற்கும்.