பார்டர்லைன் சிகிச்சை: மாதக்கணக்கில் வார்டா, சில நாள் வார்டும் ஒரு வருடத் தெரபியுமா?

பார்டர்லைன் பர்சனாலிட்டி டிஸார்டர் (உணர்ச்சிகளும் உறவுகளும் நிலையில்லாமல் ஆட்டிப்படைக்கும் மனநலக் கோளாறு) என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே வீட்டில் இரண்டு கட்சி உருவாகிவிடும். "மூன்று மாதம் உள்ளேயே இருக்கட்டும், முழுசாகக் குணமாகி வரட்டும்" என்பது ஒன்று. "நெருக்கடி தணிகிற வரை சில நாள் அட்மிஷன், அப்புறம் வீட்டிலிருந்தே தெரபி" என்பது இன்னொன்று. என் தங்கைக்கு நாங்கள் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுத்தோம். பெரியப்பா முதல் கட்சி, இன்றும் அப்படித்தான். இதே முடிவை எடுக்க வேண்டிய குடும்பங்களுக்காக எழுதுகிறேன். நான் எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை.

உயிருக்கு ஆபத்து என்றால் விவாதமே வேண்டாம், உடனே சேர்க்க வேண்டும். நடுராத்திரியில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றால் 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண். இலவசம், தமிழிலும் பேசலாம். மருந்தைப் பற்றியும் சுருக்கமாக: இந்த நோய்க்கென்றே தனியாக மருந்து கொடுக்க வேண்டாம் என்கிறது பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதல். கூடவே மனச்சோர்வு இருந்தால் அதற்கு மருந்து உண்டு. ஆகவே "உள்ளே இருந்தால் மாத்திரை ஒழுங்காகப் போகும்" என்பது இங்கே பெரிய காரணம் ஆகாது.

நீண்ட அட்மிஷனுக்கு நியாயங்கள் உண்டு. வீட்டிலேயே அடி உதை என்றால் அந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்புவது சிகிச்சையே இல்லை. குடிப்பழக்கமோ உணவுக் கோளாறோ சேர்ந்திருந்தால் கூடுதல் நாள் தேவைப்படலாம். வீட்டில் இருப்பவர்களுக்குத் தூக்கம் கிடைக்கிறது என்பதும் சாதாரண விஷயமில்லை. தங்கை வார்டில் இருந்த நாட்களில்தான் அம்மா இரவு முழுக்கத் தூங்கினார். நீண்ட நாள் சேர்க்கத்தான் வேண்டும் என்றால், வேலூர் சிஎம்சியின் பாகாயம் மனநல மையம்போல வீட்டார் ஒருவரும் கூடத் தங்கிக் கற்றுக்கொள்ளும் முறையைத்தான் நான் முதலில் விசாரிப்பேன்.

ஆனால் எனக்கு முடிவைத் தீர்மானித்த கேள்வி வேறு. உதவி எப்போது வருகிறது, நிலைமை கைமீறும் முன்பா, பின்பா?

வார்டில் ஒரு நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது பெரும்பாலும் நிலைமை மோசமாகும்போதுதான். அமைதியாக இருக்கிற நாளில் மாத்திரையைக் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்கள். அவர்கள்மேல் குறை இல்லை, ஒருவர் அத்தனை பேரைப் பார்க்க வேண்டும். ஆனால் எல்லாரும் தன்னை விட்டுப் போய்விடுவார்கள் என்ற பயமே நோயாக இருக்கும் ஒரு பெண்ணுக்கு இது ஒரு பாடத்தைப் புகட்டுகிறது: காயம் பட்டால் ஆள் வரும். யாரும் வேண்டுமென்று சொல்லிக்கொடுப்பதில்லை, ஆனாலும் மாதக்கணக்கில் இருந்தால் மனதில் பதிந்துவிடும்.

தங்கைக்குக் கொடுத்த டிபிடி (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி) என்கிற தெரபியை உருவாக்கிய மார்ஷா லினஹான் இதை உள்ளிருந்தே பார்த்தவர். 1961இல், 17 வயதில், அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் ஒரு மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு 26 மாதங்கள் இருந்ததை 2011இல் அவரே வெளியில் சொன்னார். அவருடைய முறையில் ஒரு விதி உண்டு. நெருக்கடியில் தெரபிஸ்ட்டுக்குப் போன் செய்யலாம். ஆனால் தன்னைக் காயப்படுத்திக்கொண்ட பிறகு 24 மணி நேரத்துக்கு அந்த வசதி கிடையாது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விலக்கு. முதலில் கேட்டபோது ஈவிரக்கமில்லாத விதியாகத்தான் பட்டது. பழகப் பழகப் புரிந்தது: போன் செய்ய வேண்டிய நேரம் அதற்கு முன்னால்.

தங்கை தினமும் இரவில் ஒரு தாளை நிரப்புவாள், டைரி கார்டு என்பார்கள். தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் உந்துதல் அன்றைக்கு எவ்வளவு என்று 0 முதல் 5 வரை எண் போட வேண்டும். "அக்கா, நாலுக்கு வந்துடுச்சு" என்று சொல்ல அவளுக்கு ஒரு வழி கிடைத்தது. உடனே தெரபிஸ்ட்டுக்குப் போன். பழைய கதை எதையும் கிளற மாட்டார், "இப்போ எந்தத் திறனை முயற்சி பண்ணீங்க?" என்பார். பத்து நிமிடத்தில் பேச்சு முடியும். பேசினில் ஐஸ் தண்ணீர் நிரப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு சில விநாடிகள் முகத்தை அமிழ்த்துவது தெரபியில் கற்றுத்தரும் அந்தத் திறன்களில் ஒன்று. இதயத் துடிப்பு இறங்கும், கொதிப்பும் கொஞ்சம் அடங்கும். இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் செய்யக் கூடாது. அம்மாவோடு சமையலறையில் வெடிக்கிற சண்டைக்கு நடுவே இதைச் செய்து பழக வேண்டும். வார்டில் அந்தச் சண்டையே வராது.

இந்த "முன்னால்" என்பதை அட்மிஷனுக்குள்ளேயே கொண்டுவந்த நாடுகளும் உண்டு. நெதர்லாந்திலும் ஸ்வீடனிலும் நோயாளியோடு முன்கூட்டியே ஒப்பந்தம் போடுகிறார்கள். தேவை என்று தோன்றும்போது அவரே வார்டுக்குப் போன் செய்து வந்து, ஓரிரு இரவு தங்கிவிட்டுப் போகலாம். ஸ்வீடனில் 125 பேரை வைத்து நடத்தி 2019இல் வெளியான ஆய்வில் மருத்துவமனை நாட்கள் இந்த வசதி இல்லாத குழுவைவிடக் குறைந்துவிடவில்லை. அதனால் இதை அதிசயம் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் நம் ஊரில் இப்படி ஒரு கட்டில் கிடைத்தால் நாளைக்கே ஒப்பந்தம் போடுவேன்.

மூன்றாவதாகப் பகல்நேர மருத்துவமனை இருக்கிறது: காலையில் போய் மாலையில் வீடு திரும்புவது. நாங்கள் போய்ப் பார்த்ததில்லை, படித்ததைத்தான் சொல்கிறேன். லண்டனில் பேட்மன், ஃபோனகி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 18 மாதம் இப்படி நடத்தினார்கள். எட்டு வருடப் பின்தொடர்தலின் முடிவில் அந்தக் குழுவில் 13 சதவீதம் பேருக்குத்தான் பார்டர்லைன் நீடித்தது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 87 சதவீதம். ஆச்சரியமான வித்தியாசம்தான். ஆனால் இரண்டு குழுவும் சேர்ந்தே ஐம்பது பேர்கூட இல்லை.

எங்கள் வழியிலும் சிரமம் உண்டு. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் மனநோய்க்கும் இன்ஷூரன்ஸ் தர வேண்டும் என்கிறது. ஆனால் பெரும்பாலான பாலிசிகளில் அட்மிஷன் ஆனால்தான் பணம் வரும். வாராவாரம் தெரபிக்குக் கைக்காசு. டிபிடி முழுமையாகப் படித்த தெரபிஸ்ட் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டாம். டொரான்டோவில் 180 பேரை வைத்து நடந்து 2009இல் வெளியான ஆய்வில், நன்கு பயிற்சி பெற்ற மனநல மருத்துவர்கள் ஒரு வருடம் ஒழுங்காகப் பார்த்த சிகிச்சையும் டிபிடிக்குச் சமமான பலனைத் தந்தது.

குணமாகுமா என்பதுதான் பெரியப்பாவின் கவலை. அமெரிக்காவின் மெக்லீன் மருத்துவமனையில் ஒருகாலத்தில் உள்நோயாளிகளாக இருந்த 290 பேரைத் தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். பத்து வருடத்தில் 93 சதவீதம் பேருக்கு அறிகுறிகள் குறைந்தபட்சம் இரண்டு வருடமாவது விலகியிருந்தன. ஆனால் வேலை, உறவு எல்லாம் சேர்ந்து நன்றாக நடந்தவர்கள் பாதிப் பேர்தான். கஷ்டம் அந்த இரண்டாவது விஷயத்தில்தான். கல்லூரியோ வேலையோ பாதியில் நின்றால் அதை மறுபடி தொடங்குவது நோயைவிடக் கடினம். நீண்ட அட்மிஷன் வேண்டாம் என்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

எந்த வழியில் போனாலும், கையெழுத்துப் போடும் முன்பே இந்த அட்மிஷன் எதற்கு, எத்தனை நாள் என்று கேட்டு வாங்குங்கள். டிஸ்சார்ஜ் ஆன அடுத்த சில வாரங்கள்தான் தற்கொலை ஆபத்து மிக அதிகம் உள்ள காலம். எங்களுக்குச் சீட்டில் "ஒரு மாதம் கழித்து ஓபி" என்று எழுதிக் கொடுத்தார்கள். நாங்கள் நகரவில்லை. அதே வாரத்தில் தெரபிஸ்ட்டோடு முதல் சந்திப்புக்கு நேரம் குறித்த பிறகுதான் அவளை வீட்டுக்கு அழைத்து வந்தோம்.