லண்டனில் குடும்பத்தோடு ஊர் சுற்ற: சுற்றுலா பஸ்ஸா, சிவப்பு பஸ்ஸா, ட்யூப் என்ற சுரங்க ரயிலா, படகா?

லண்டன் போகிறவர்கள் விமான டிக்கெட்டுக்கும் ஓட்டலுக்கும் மாதக்கணக்கில் அலசுவார்கள். ஊருக்குள் எதில் சுற்றுவது என்பதை மட்டும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். தாத்தா பாட்டி, இரண்டு பிள்ளைகள் என ஆறு பேராகப் போனால் பர்ஸுக்கு முன்னால் கால்தான் காலியாகும். என் ஓட்டு சாதாரண சிவப்பு மாடி பஸ்ஸுக்கு.

முதலில் காசு. 2025 நிலவரப்படி பெரியவர்களுக்கு ஒரு பயணம் 1.75 பவுண்டு. முதல் தடவை கார்டைத் (தொட்டுக் கட்டும் வங்கி கார்டோ, ஆய்ஸ்டர் என்ற பயணக் கார்டோ) தொட்டதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறி ஏறினாலும் அதே கட்டணம்தான். நாள் முழுக்க பஸ்ஸிலேயே சுற்றினாலும் 5.25 பவுண்டுக்கு மேல் பிடிக்க மாட்டார்கள். 11 வயது நிரம்பாத பிள்ளைகளுக்கு இலவசம். ஆக, பெரியவர்கள் நாலு பேருக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 21 பவுண்டு. எங்கு வேண்டுமானாலும் இறங்கி ஏறும் சுற்றுலா பஸ்ஸிலோ ஒருவருக்கே 30 பவுண்டைத் தாண்டிவிடும். ஒன்று கவனிக்க வேண்டும்: பஸ்ஸில் ரொக்கம் வாங்க மாட்டார்கள். ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும். அப்பா கார்டையே நாலு பேருக்கும் தொட முடியாது.

சரி, காட்சி எப்படி? ட்ராஃபால்கர் சதுக்கம் பக்கத்தில் 15-ம் நம்பரில் ஏறுங்கள். வண்டி கிளம்பும் இடமே அதுதான் என்பதால் மாடியில் முன்வரிசை கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஸ்ட்ராண்ட், ஃப்ளீட் தெரு வழியாகப் போய் லட்கேட் ஹில் மேட்டில் ஏறும்போது, எதிரே செயின்ட் பால்ஸ் தேவாலயம் கண்ணாடி முழுக்க எழும்பி வரும். பிள்ளைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு தாங்களே வண்டி ஓட்டுவதாக நினைத்துக்கொள்வார்கள். அதே பஸ் லண்டன் டவர் கோட்டை வாசலருகே இறக்கிவிடும். கோஹினூரைப் பார்க்கத்தான் பெரியவர்கள் அங்கே போகிறார்கள். பிள்ளைகளுக்கு அங்கே வளர்க்கும் அண்டங்காக்கைகள் போதும்.

மேற்கே போக 9-ம் நம்பர் இருக்கிறது. பிக்காடில்லி, ஹைட் பார்க் கார்னர், நைட்ஸ்பிரிட்ஜ் வழியாக ராயல் ஆல்பர்ட் ஹால் வரை போனால், அங்கிருந்து அறிவியல் அருங்காட்சியகமும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் நடக்கிற தூரம்தான். இரண்டிலும் பொது நுழைவு இலவசம்.

குறையும் உண்டு. மாடிப்படி ஏறும்போதே வண்டி நகர்ந்துவிடலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே உட்காருவது நல்லது. கீழிருந்து பாதிக் காட்சிதான். சுற்றுலா பஸ்ஸிலும் திறந்த மாடிக்குப் படி ஏறித்தான் ஆக வேண்டும், அதனால் அதை அங்கே போய்த் தீர்த்துக்கொள்ள முடியாது. நெரிசலில் இரண்டும் ஒன்றாகத்தான் நிற்கும். அங்கே கூடுதலாகக் கிடைப்பது காதில் மாட்டிக் கேட்கும் விளக்கம்.

ட்யூப் வேகம்தான், மறுக்கவில்லை. ஹீத்ரோவிலிருந்து பெட்டிகளோடு வரும்போதும், ஊரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும்போதும் அதுவே சரி. ஆனால் 272 நிலையங்களில் மூன்றில் ஒரு பங்கில்தான் படி ஏறாமல் போக வழி இருக்கிறது. சின்னப் பிள்ளையைத் தள்ளுவண்டியோடு தூக்கிக்கொண்டு ஏற வேண்டியிருக்கும். பக்கத்து இடங்களுக்கு அதில் போவதில் அர்த்தமே இல்லை. லெஸ்டர் சதுக்கத்திலிருந்து கோவென்ட் கார்டன் ஏறக்குறைய 260 மீட்டர்தான். கீழே இறங்கி மேலே ஏறும் நேரத்தில் நடந்தே போய்விடலாம். முக்கியமாக, சுரங்கத்துக்குள் ஊர் தெரியாது. விளம்பரப் பலகைதான் தெரியும்.

தேம்ஸ் ஆற்றுப் படகை ஒரு தடவைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதன் கட்டணம் பஸ், ட்யூபின் நாள் உச்சவரம்புக்குள் வராது. டவர் கோட்டை பார்த்த கையோடு பக்கத்துத் துறையில் ஏறினால், 1894-ல் திறந்த டவர் பிரிட்ஜுக்கு அடியில் புகுந்து கிரீனிச் போகலாம். பின்பக்கத் திறந்த தளத்தில் நில்லுங்கள். காற்று ஜூனிலும் சில்லென்றுதான் அடிக்கும், பாட்டிக்கு ஸ்வெட்டர் அவசியம். கிரீனிச்சில் 1869-ல் கட்டிய கட்டி சார்க் என்ற தேயிலைக் கப்பலும், தீர்க்கரேகை பூஜ்ஜியக் கோடும் இருக்கின்றன. கோட்டுக்குப் போக மேடு ஏற வேண்டும். திரும்பும்போது படகு வேண்டாம். டிஎல்ஆர் என்ற, தானாக ஓடும் ரயிலைப் பிடியுங்கள். முன்னால் ஓட்டுநர் அறையே கிடையாது, பிள்ளைகள் முதல் இருக்கைக்குச் சண்டை போடுவார்கள். அந்தக் கட்டணம் பஸ்ஸுக்கு மட்டுமான 5.25 பவுண்டில் அடங்காது, ட்யூபையும் சேர்த்த நாள் உச்சவரம்புக்குள் வரும்.

சுற்றுலா பஸ்ஸுக்குப் பணம் கொடுக்கலாம் என்று நான் சொல்வது ஒரே சந்தர்ப்பத்தில்தான்: கையில் இருப்பது ஒரே பகல், எங்கும் உள்ளே போய்ப் பார்க்கப் போவதில்லை, மழையும் இல்லை. அப்படியானால் காலையில் முதல் வண்டியிலேயே ஏறிவிடுங்கள், இறங்காமல் ஒரு முழுச் சுற்று போய்வாருங்கள். நடுவில் இறங்கினால் அடுத்த வண்டிக்குக் காத்திருக்கும் நேரம் உங்கள் பகலிலிருந்துதான் போகும்.