ஆறு வருடம் இழுத்த மேக்கப் பெட்டி

மயிலாடுதுறையில் வீட்டு முன்னறையில்தான் என் பார்லர். ஆனால் வருமானத்தில் பாதிக்கு மேல் கல்யாணப் பெண் அலங்காரம்தான். ஆறு மணி முகூர்த்தம் என்றால் மூன்று மணிக்கே மண்டபத்தில் நிற்க வேண்டும், அது கும்பகோணமானாலும் மன்னார்குடியானாலும்.

2019இல் தொழில் தொடங்கியபோது அலுமினியப் பெட்டியோடு ‘ஃபுல் கிட்’ வாங்கினேன். ஐஷேடோ மட்டும் 120 நிறம். நான் தொட்டது பத்துகூட இருக்காது: தங்கம், செம்பு, மெரூன், இரண்டு மூன்று பழுப்பு. அரக்குப் பட்டுக்கு நியான் பச்சையை யார் கேட்பார்கள்? ஃபவுண்டேஷனோ மூன்றே ஷேடு, மூன்றும் வெளுப்பு. முதல் கல்யாணத்திலேயே போட்டோவில் முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம். பெண்ணின் அத்தை, “ஏம்மா, மூஞ்சில மாவு தடவிட்டியா?” என்று கேட்டேவிட்டார். அப்புறம் மாநிறத்திலிருந்து கருநிறம் வரை ஐந்து ஷேடு தனியாக வாங்கினேன். புறங்கையில் கலந்து, தாடையோரம் தடவிப் பார்த்துவிட்டுத்தான் இப்போது கை வைப்பேன்.

பெட்டியின் தட்டுகள் இன்றுவரை ஆடவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். சக்கரம்தான் முதல் ஐப்பசி மழைச் சேற்றிலேயே போய்விட்டது. மாடியில் மணப்பெண் அறை இருக்கும் மண்டபங்களில் அதைத் தூக்கி ஏறியதில் தோள் கழன்றது. இப்போது தோளில் மாட்டும் பைதான். சவுரி, யூ பின், ராக்கொடி, ஜடை அலங்காரம் எல்லாம் வேறொரு பையில். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் லிப்ஸ்டிக் உருகி மூடியோடு ஒட்டிக்கொண்ட நாளிலிருந்து அவை மட்டும் சூடு தாங்கும் டிபன் பையில் பயணம்.

முழு கிட்டில் கிடைக்காத சில்லறைச் சாமான்கள்தான் உண்மையில் அவசியம். லிப்ஸ்டிக்கைச் சுரண்டி எடுக்க ஒரு ஸ்டீல் ஸ்பேச்சுலா, ஒருமுறை போட்டு எறியும் மஸ்காரா குச்சிகள், 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஸ்ப்ரே. 99 சதவீதம் இன்னும் நல்லதுதானே என்று நானும் நினைத்தேன். அது சட்டென்று ஆவியாகிவிடும், கொஞ்சம் தண்ணீர் கலந்ததுதான் கிருமியை நன்றாகக் கொல்லும். மேக்கப் டப்பாவின் பின்னால் திறந்த ஜாடி படத்தில் ‘12 எம்’ என்று இருந்தால் திறந்த பிறகு 12 மாதம். மஸ்காராவை நான் மூன்று மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. திறந்த தேதியை மார்க்கரில் எழுதிவிடுவேன்.

ஆடியில் கல்யாணம் கிடையாது. பிரஷ் எல்லாவற்றையும் கழுவி, தேதி போனதைக் கழிப்பது அப்போதுதான். போன ஆடியில் அந்த 120 நிறத் தட்டையும் குப்பையில் போட்டேன். பெட்டி பார்லர் மூலையில் சக்கரமில்லாமல் நிற்கிறது, வேக்ஸ் ஹீட்டரும் டிரையரும் வைக்க.